கம்பியில் மிச்சம் எவ்வளவு? நிலநடுக்கத்தில் அடிபட்ட கட்டடங்களைப் பற்றி

(ஒலிபரப்பான பேச்சின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோடை ஒரு சின்னச் செய்முறையோட ஆரம்பிக்கலாம்.

கம்பி கட்டுறவங்க வேலை செய்றதைப் பார்த்திருப்பீங்க. கட்டுக்கம்பியை கொக்கியால முறுக்கிக் கட்டின பிறகு, மிச்சம் நீட்டிக்கிட்டு இருக்கிற நுனியை எடுக்க சிலர் வெட்டுக்குறடு தேடறதே இல்லை. இந்தப் பக்கம் ஒரு மடக்கு, அந்தப் பக்கம் ஒரு மடக்கு. சில தடவை செஞ்சா முறிஞ்சு கையில வந்துடும். அதே கம்பியை நேரா இழுத்து அறுக்கப் பாருங்க, முடியாது. லேசா ஆட்டிக்கிட்டே இருந்தாலும் முறியாது. நல்லா மடக்கி, திரும்ப நிமிர்த்தி, மறுபடி மடக்கினாத்தான் முறியும்.

இப்போ ஒரு கேள்வி. மூணு தடவை மடக்கி நிமிர்த்தின ஒரு கட்டுக்கம்பியை உங்க கையில கொடுத்தா, அது இன்னும் எத்தனை மடக்கு தாங்கும்னு பார்த்தே சொல்ல முடியுமா? முடியாது. கம்பி நேரா, பளபளன்னு இருக்கும். உள்ளே அதன் ஆயுளில் பாதி போயிருக்கலாம்.

நிலநடுக்கத்தில் அடிபட்டு, ஆனால் இடிஞ்சு விழாம நிக்கிற ஒரு கான்கிரீட் கட்டடம் எழுப்புற கேள்வியும் இதேதான். அதுவும் கம்பி கண்ணுக்கே தெரியாம கான்கிரீட்டுக்குள்ள இருக்கும்போது. அந்தக் கேள்வியை ஒரு நகரம் முழுக்கக் கேட்க வேண்டி வந்த இடம் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்.

இரண்டு நிலநடுக்கம், நடுவில் ஐந்தரை மாதம்

2010 செப்டம்பர் 4, விடியற்காலை 4:35. கிறைஸ்ட்சர்ச்சுக்கு மேற்கே 7.1 அளவில் நிலநடுக்கம். ஊர் தூங்கிக்கொண்டிருந்த நேரம். மையமும் நகரத்திலிருந்து தள்ளி இருந்தது. பல பழைய செங்கல் கட்டடங்கள் சரிந்தன. ஆனால் பல மாடிக் கான்கிரீட் கட்டடங்கள் பெரும்பாலும் நின்றன. பொறியாளர்கள் சுற்றிப் பார்த்தார்கள், பச்சை அட்டை ஒட்டினார்கள், மக்கள் திரும்ப வேலைக்கு வந்தார்கள்.

2011 பிப்ரவரி 22, மதியம் 12:51. அளவு 6.2 தான். ஆனால் இந்த முறை நகரத்துக்கு மிக அருகில், ஆழமும் குறைவு. 185 பேர் இறந்தார்கள். அதில் 115 பேர் சிடிவி கட்டடம் என்ற ஒரே கட்டடத்தில். ஒரு விஷயத்தை இங்கே தெளிவாச் சொல்லிடணும். சிடிவி கட்டடம் விழுந்ததற்கு விசாரணை சுட்டிக்காட்டியது அடிப்படையான வடிவமைப்புக் குறைபாடுகளை. இன்னிக்கு நாம பேசப்போற கம்பித் தளர்ச்சியோட கதை அது இல்லை. ஆனால் செப்டம்பருக்குப் பிறகு பார்வையிட்டு, பயன்படுத்தலாம்னு விட்ட கட்டடம் அது. அதனால பிப்ரவரிக்குப் பிறகு "பார்த்தாச்சு, பரவாயில்லை" என்ற வார்த்தையை அந்த ஊரில் யாரும் லேசா எடுத்துக்கலை. அதுக்கப்புறமும் ஜூன் 13, டிசம்பர் 23 என்று அதே ஆண்டில் பெரிய அதிர்வுகள் தொடர்ந்தன.

ஆக, ஒவ்வொரு கட்டடத்தின் கம்பியும் ஒரு தடவை இல்லை, பல தடவை மடக்கி நிமிர்த்தப்பட்டது. நடுவில் மாதக்கணக்கில் ஓய்வு. அந்த ஓய்வும் முக்கியம், அதுக்குப் பின்னால வர்றேன்.

கம்பி நீளணும் என்பதுதான் திட்டமே

சிலர் கேக்கலாம்: "கம்பி நீண்டு போச்சுன்னா வடிவமைப்பு தப்புன்னுதானே அர்த்தம்?" இல்லை, நேர்மாறு.

பெரிய நிலநடுக்கத்தின் முழு விசையையும் கீறல் இல்லாமத் தாங்கிற மாதிரி ஒரு கட்டடம் கட்டுறதுக்குச் செலவு கட்டுப்படியாகாது. அதனால ஒரு சமரசம். கட்டடத்தில் சில இடங்களை, பெரும்பாலும் உத்தரங்களின் முனை, சுவர்களின் அடி, முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, "அடி வந்தா நீங்க விட்டுக்கொடுங்க" என்று விட்டுவிடுவாங்க. அங்கே கம்பி தன் மீட்சி எல்லையைத் தாண்டி நீளும், சுருங்கும். அதுல ஆற்றல் செலவாகும். தூண்கள் விறைப்பா நிக்கும், கட்டடம் விழாது, ஆள் வெளியே வந்துடலாம்.

இந்தக் கோட்பாட்டை உலகத்துக்குப் பாடமாகக் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் இராபர்ட் பார்க், தாமஸ் பாலே என்ற இரண்டு பேராசிரியர்கள். இருவரும் பணியாற்றியது கிறைஸ்ட்சர்ச்சில் உள்ள கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில். அதே ஊரில்தான் அந்தக் கோட்பாட்டின்படி கட்டிய கட்டடங்கள் சோதனைக்கு வந்தன. பல கட்டடங்கள் சொன்னபடியே நடந்துகொண்டன. உயிர் காப்பாற்றின. ஆனால் மறுநாள் காலையில் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது: விட்டுக்கொடுத்த கம்பியில் இன்னும் விட்டுக்கொடுக்க என்ன இருக்கு?

பாடப்புத்தகங்கள் முதல் கேள்விக்கு நிறையப் பக்கம் ஒதுக்கியிருந்தன. இரண்டாவது கேள்விக்கு ரொம்பக் குறைவு.

ஒரே ஒரு விரிசல்

இதை ஒரு கட்டடத்தை வைத்துப் பார்க்கலாம். கிறைஸ்ட்சர்ச்சின் குளோஸ்டர் தெருவில் கேலரி அபார்ட்மென்ட்ஸ் என்று 14 மாடிக் குடியிருப்பு. 2000களின் நடுவில் கட்டியது, அப்போதைய விதிப்படி வடிவமைத்தது. பிப்ரவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு அதன் கான்கிரீட் சுவரில் தெரிந்த விரிசல் கொஞ்சம்தான். மெல்லிசும்கூட. பார்த்தவுடன் பயம் வரும்படி எதுவும் இல்லை. ஆனால் விரிசல் இருந்த இடத்தில் கான்கிரீட்டை உடைத்துப் பார்த்தபோது உள்ளே செங்குத்துக் கம்பிகள் அறுந்து கிடந்தன. நிலநடுக்கங்களை விசாரித்த ராயல் கமிஷன் இந்தக் கட்டடத்தைத் தனியாக எடுத்து ஆராய்ந்தது.

எப்படி நடக்கும் இது? ஒரு கணக்குப் போடலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

ஒரு சுவர். 200 மில்லிமீட்டர் தடிமன். அதில் ஒரு மீட்டர் நீளத்தை எடுங்க. பரப்பு 2,00,000 சதுர மில்லிமீட்டர். கான்கிரீட் இழுவையில் சதுர மில்லிமீட்டருக்கு 3 நியூட்டன் தாங்கும்னு வைங்க. அப்போ விரிசல் விழுறதுக்கு முன்னாடி கான்கிரீட் சுமக்கிற இழுவிசை 600 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட 60 டன். உள்ளே கம்பி 0.25 சதவீதம், அதாவது 500 சதுர மில்லிமீட்டர். 500 தரக் கம்பி. அது மீட்சி எல்லை வரைக்கும் தாங்குறது 250 கிலோநியூட்டன், 25 டன்.

விரிசல் விழுந்த நிமிஷத்தில் கான்கிரீட் தன் 60 டன்னையும் கம்பி கையில் கொடுத்துட்டு ஒதுங்கிடும். கம்பியால் முடியறது 25. அது அந்த விரிசலிலேயே நீள ஆரம்பிக்கும். பக்கத்தில் இன்னொரு விரிசல் விழணும்னா, அங்கே இருக்கிற கான்கிரீட்டுக்குள்ள மறுபடி 60 டன் இழுவிசை ஏறணும். அதை ஏற்ற வேண்டியது இந்தக் கம்பி. அதனிடம் அவ்வளவு பலம் இல்லை. அதனால இரண்டாவது விரிசல் வராது. சுவரின் மொத்த அசைவும் அந்த ஒரே விரிசலில் போய்ச் சேரும்.

கேலரி அபார்ட்மென்ட்ஸில் கான்கிரீட்டின் வலிமை வரைபடத்தில் கேட்டதைவிட அதிகமா இருந்தது. சாதாரணமா "நல்லதுதானே, கூடுதல் வலிமை" என்போம். இங்கே அதுவே பகை. கான்கிரீட் வலுக்க வலுக்க, விரிசல் விழும்போது கம்பிக்கு வர்ற சுமையும் கூடும்.

இப்போ அந்த விரிசலில் கம்பிக்கு என்ன ஆகுதுன்னு பாருங்க. சுவர் ஆடும்போது விரிசல் 5 மில்லிமீட்டர் திறக்குதுன்னு வைங்க. விரிசலின் இரண்டு பக்கமும் சேர்த்து 50 மில்லிமீட்டர் நீளத்துக்குத்தான் கம்பி பிடி விட்டு நீளுது. 50ல் 5, அது 10 சதவீதத் திரிபு. நியூசிலாந்தில் நிலநடுக்கத்துக்காகவே வகுத்த 500ஈ தரக் கம்பிக்குத் தரநிலை கேட்கிற சீரான நீட்சியே குறைந்தபட்சம் 10 சதவீதம்தான். அதாவது ஒரே திறப்பில் கம்பி விளிம்புக்குப் போயாச்சு.

அதே 5 மில்லிமீட்டர், ஒன்றுக்குப் பதில் பத்து விரிசலாப் பிரிஞ்சிருந்தா? ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர். ஒவ்வொன்றிலும் கம்பித் திரிபு 1 சதவீதம். அசைவு அதேதான், கம்பி பட்ட பாடு பத்தில் ஒரு பங்கு.

இன்னொரு விஷயமும் இருக்கு. ஆட்டம் நின்ன பிறகு மேலே இருக்கிற மாடிகளின் எடை அந்த விரிசலை மூடிடும். மறுநாள் பொறியாளர் விரிசல் அளக்கும் அட்டையோட வரும்போது அங்கே மயிரிழைதான் இருக்கும். திறந்தது 5 மில்லிமீட்டர்னு யார் சொல்லுவா?

அதனால இந்த எபிசோடில் ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கங்க: அடிபட்ட கட்டடத்தில் விரிசலின் அகலத்தை மட்டும் அளக்காதீங்க, எத்தனை இருக்குன்னு எண்ணுங்க. நிறைய மெல்லிய விரிசல் பரவியிருந்தா, பார்க்க அசிங்கமா இருந்தாலும் கம்பி பெரும்பாலும் நலமா இருக்கும். அசைவு வந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு சுத்தமான விரிசல் இருந்தா, அங்கேதான் சந்தேகப்படணும்.

தளர்ச்சி: எத்தனை தடவை, எவ்வளவு தூரம்

அறுந்த கம்பியைக் கண்டுபிடிக்கலாம், உடைச்சுப் பார்த்தாத் தெரியும். அறுகாத கம்பிதான் கஷ்டம்.

கட்டுக்கம்பி கதைக்குப் பொறியியலில் குறைந்த சுழற்சித் தளர்ச்சி என்று பேர், லோ சைக்கிள் ஃபேட்டீக். பாலத்தில் வண்டி போய்ப்போய் லட்சக்கணக்கான சின்னச் சுமையில் வருகிற தளர்ச்சி வேறு. இது மீட்சி எல்லையைத் தாண்டின சில பத்து சுழற்சிகளில் வருவது. 1950களில் காஃபின், மேன்சன் என்ற இருவர் தனித்தனியா இதற்கு ஒரு விதி கண்டார்கள். திரிபு கூடும்போது தாங்கும் சுழற்சிகளின் எண்ணிக்கை சரசரன்னு இறங்கும் என்பது அதன் சாரம்.

எவ்வளவு சரசரன்னு? வலுவூட்டும் கம்பிகளுக்காகப் பரவலாகப் பயன்படும் ஒரு சமன்பாட்டில் போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் 1 சதவீதத் திரிபில் சுமார் 50 சுழற்சி. 3 சதவீதத்தில் நாலு, ஐந்து. திரிபு மூன்று மடங்கு, ஆயுள் பத்தில் ஒரு பங்கு. கம்பிக்குக் கம்பி எண்கள் மாறும். ஆனால் வளைவின் வடிவம் மாறாது.

இதில் ஒரு நல்ல செய்தி ஒளிஞ்சிருக்கு. நிலநடுக்கத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கில் பின்னதிர்வு வந்தாலும், கம்பியை மீட்சி எல்லை தாண்டவைக்காத அதிர்வுகள் இந்தக் கணக்கில் கிட்டத்தட்டச் சேராது. ஆயுளைத் தின்றது பெரிய சில ஆட்டங்கள்தான்.

கெட்ட செய்தி, கம்பி பக்கவாட்டில் புடைத்திருந்தால். மேலுறைக் கான்கிரீட் உதிர்ந்து, வளையங்களுக்கு நடுவே செங்குத்துக் கம்பி வளைந்திருந்தால், அந்த வளைவின் உள்பக்கத்தில் நுண்ணிய பிளவு தொடங்கியிருக்கலாம். இந்த எண்களை அங்கே நம்பக் கூடாது. புடைத்த கம்பியை மாற்றுவதுதான் வழி.

முதுமை: சும்மா இருக்கும்போது நடப்பது

இப்போ அந்த ஐந்தரை மாத ஓய்வுக்கு வர்றேன்.

எஃகு நீளுதுன்னா அதன் படிக அடுக்குகளில் இருக்கிற குறைபாட்டுக் கோடுகள், டிஸ்லொகேஷன் என்பாங்க, நகருதுன்னு அர்த்தம். அந்த நகர்ச்சிதான் கம்பியின் நெகிழ்ச்சி. எஃகுக்குள்ள கொஞ்சம் நைட்ரஜன், கார்பன் அணுக்கள் எங்கும் கட்டுப்படாமல் திரியும். கம்பி நீண்ட பிறகு சும்மா இருக்கிற வாரங்களில், மாதங்களில், இந்த அணுக்கள் மெதுவா ஊர்ந்து போய் அந்தக் கோடுகளில் உட்கார்ந்துக்கும். அதற்குப் பிறகு கோடு நகரணும்னா கூடுதல் விசை வேணும். இதைத்தான் திரிபு முதுமை, ஸ்ட்ரெயின் ஏஜிங் என்கிறோம்.

வெளியிலிருந்து பார்த்தா கம்பி வலுத்திருக்கும். மீட்சி எல்லை உயர்ந்திருக்கும். ஆனால் நீளும் திறன் குறைஞ்சிருக்கும். குளிரில் சட்டென்று நொறுங்கி முறியும் போக்கும் கூடும்.

வலுத்தா நல்லதுதானேன்னு மறுபடி தோணும். நல்லதில்லை. விட்டுக்கொடுக்கணும்னு நாம நியமித்த உத்தர முனை இப்போ விறைச்சுக்கிட்டா, அந்தக் கூடுதல் விசை தூணுக்குப் போகும், இல்லைன்னா பக்கத்துப் பகுதிக்குப் போகும். யார் முதலில் விட்டுக்கொடுக்கணும் என்ற வரிசையே மாறலாம்.

எல்லாக் கம்பிக்கும் ஒரே அளவில் இது வராது. வனேடியம் போன்ற தனிமம் சேர்த்த எஃகில் நைட்ரஜன் அதோட பிணைஞ்சு போயிடும், ஊர்வதற்கு ஆள் இருக்காது. நியூசிலாந்தில் 300ஈ தரக் கம்பி இதற்கு ஆட்படுவதையும், வனேடியம் சேர்த்த 500ஈ அவ்வளவாக ஆட்படாததையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக, எந்த ஆண்டு கட்டிய கட்டடம், எந்தக் கம்பி என்ற பழைய கோப்பு இங்கே உயிர்நாடி.

கேட்டுக்கிட்டு இருக்கிற சிவில் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம ஐஎஸ் 1786ல் மறுவளைப்புச் சோதனை ஒன்று இருக்கு. கம்பியை வளைச்சு, அரை மணி நேரம் கொதிக்கிற தண்ணியில் போட்டு, ஆறவிட்டு, திரும்பக் கொஞ்சம் நிமிர்த்துவோம். கல்லூரி லேபில் செஞ்சிருப்பீங்க. எதுக்கு அந்தக் கொதிநீர்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா? அறை வெப்பத்தில் பல வாரங்களில் வர வேண்டிய முதுமையை அரை மணியில் வரவழைக்கத்தான். வளைத்து, முதுமையாக்கி, நிமிர்த்தும்போது விரிசல் விடாத கம்பிதான் தேறும்.

அதே காரணத்துக்காகத்தான், அடுத்த மாடிக்குன்னு மடக்கிவிட்ட தூண் கம்பியைச் சில வருஷம் கழிச்சு பைப்பை மாட்டி நிமிர்த்தும்போது யோசிக்கணும். அந்தக் கம்பி மடங்கி, முதுமையாகி, இப்போ நிமிருது. சோதனைச்சாலையில் செய்த அதே காரியம்தான், மேற்பார்வை மட்டும் இல்லை.

எப்படித் தெரிஞ்சுக்கிறது?

முதல் வழி, கம்பியை வெட்டி எடுத்து இழுவைச் சோதனை செய்வது. மிச்ச நீட்சி எவ்வளவுன்னு நேராத் தெரியும். ஆனால் கட்டடத்தில் எத்தனை இடத்தில் வெட்டுவீங்க? அதிகம் அடிபட்ட அந்த 50 மில்லிமீட்டர் உங்க துண்டுக்குள்ள வருதான்னும் பார்க்கணும்.

இரண்டாவது, கடினத்தன்மைச் சோதனை. நீண்ட எஃகு கொஞ்சம் கடினமாகும். விரிசலில் கம்பியைத் திறந்து, நீளவாக்கில் புள்ளி புள்ளியா அளந்துகிட்டே போனா, எங்கே நீண்டதோ அங்கே எண் உயரும். அடிபடாத பகுதியின் எண்ணோட ஒப்பிடணும். கிறைஸ்ட்சர்ச்சில் இது பயன்பட்டது. கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் இதை மேலும் செம்மைப்படுத்தும் ஆய்வும் நடந்தது. சிக்கல் என்னன்னா, முதுமையும் கடினத்தன்மையைக் கூட்டும். அதைக் கழிக்காமப் படிச்சா, நீட்சியை அதிகமா மதிப்பிட்டுடுவோம்.

மூன்றாவது, கணக்கு. நகரத்தில் இருந்த கருவிகள் பதிவு செய்த நில அசைவைக் கணினி மாதிரிக்குள் ஓட்டி, எந்த இடத்தில் எத்தனை பெரிய சுழற்சின்னு எண்ணுவது. மூன்றும் ஒன்றையொன்று ஒத்துப்போனா நம்பிக்கை வரும்.

இடிப்பதா, வைத்துக்கொள்வதா?

கிறைஸ்ட்சர்ச் நகர மையத்தில் இருந்த பல மாடிக் கான்கிரீட் கட்டடங்களில் சுமார் 60 சதவீதம் இடிக்கப்பட்டன. எல்லாம் கம்பியால் இல்லை. அடிமண் இளகியது, கட்டடம் சாய்ந்தது, காப்பீட்டு ஒப்பந்தத்தின் வாசகம், பல மாதம் மூடிக் கிடந்த நகர மையம் எனக் காரணம் பல. ஆனால் "மிச்சம் எவ்வளவுன்னு சொல்ல முடியலை" என்பது அந்த மேசைகளில் கனமான வாக்கியம். பொறியாளர் உறுதி சொல்ல முடியாதபோது, இடிப்பது எளிய முடிவாகிவிடும்.

பிறகு வந்த ஆய்வுகள் கொஞ்சம் ஆறுதல் தந்தன. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் நல்ல விவரிப்போடு வடிவமைத்த உத்தரங்களுக்கு முதலில் மிதமான நிலநடுக்க அசைவு கொடுத்து, சிலவற்றை எபாக்சி செலுத்திப் பழுது பார்த்து, பிறகு உடையும் வரை ஆட்டினார்கள். மிதமாக அடிபட்டது, கடைசியில் தாங்கும் அசைவை அவ்வளவாகக் குறைக்கவில்லை. குறைந்தது விறைப்புத்தான், அதையும் எபாக்சி பெருமளவு மீட்டது. அப்படியானால் இடித்த கட்டடங்களில் சிலவற்றைக் காப்பாற்றியிருக்கலாமோ என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

இரண்டையும் சேர்த்துப் படிங்க. போதுமான கம்பியோட, விரிசல் பரவி, புடைப்பு இல்லாம இருக்கிற உத்தரம்: பழுது பார்த்து வாழலாம். குறைந்த கம்பியோட, ஒற்றை விரிசலோட நிற்கிற சுவர்: எபாக்சி அடைச்சு வெள்ளை பூசுறதுக்கு முன்னாடி உடைச்சுப் பாருங்க. எபாக்சி கான்கிரீட்டை ஒட்டும். கம்பி இழந்த நீட்சியை அது திருப்பித் தராது.

நியூசிலாந்து தன் கான்கிரீட் தரநிலையை 2017ல் திருத்தியது. சுவர்களின் முனைப் பகுதியில் செங்குத்துக் கம்பியின் குறைந்தபட்ச அளவு கூட்டப்பட்டது. கான்கிரீட்டின் வலிமை கூடினால் கம்பியும் கூடணும் என்று அந்த விதி இருக்கு. நாம போட்ட 60 டன், 25 டன் கணக்கின் இடைவெளியை அடைக்கிற விதி அது. ஒன்றுக்குப் பத்து விரிசல் விழட்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

இது பொறியாளர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை. அடிபட்ட ஒரு கட்டடத்தில் வீடோ அலுவலகமோ வைத்திருக்கிற யாரும் "விரிசலை அடைச்சாச்சா?" என்பதோட நிறுத்தாம, "உள்ளே கம்பியைப் பார்த்தீங்களா? எந்த இடத்தில் பார்த்தீங்க? ஏன் அந்த இடம்?" என்று கேட்கலாம். பதில் தெரிஞ்ச பொறியாளர் கோபப்பட மாட்டார், சந்தோஷமா விளக்குவார்.